முடிச்சுக்குள் இருந்த வெள்ளிக்குத்தி

சனிக்கிழமைகளில் நான் பழைய சாமான் சந்தையில் இருப்பேன். மற்ற நாட்களில் சலவைத் தொழிற்சாலை. ஆஸ்பத்திரிப் படுக்கைத் துணி, ஹோட்டல் மேசைத் துணி. மெசினுக்குள் போட வேண்டும், எடுக்க வேண்டும், ஈரத்தோடு சூட்டு உருளைக்குக் கொடுக்க வேண்டும். வேறு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை வீட்டில் படுத்திருக்கலாம். படுத்தால் முதுகு இன்னும் கூட நோகும். அதனால் சந்தை.

அங்கே ஒரு ஜெர்மன்காரர் பழைய காசு விற்பார். அவருக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். பெட்டி தூக்க ஏலாது. நான் தூக்கிக் கொடுத்து மேசையை விரித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பேன். அவர் அதிகம் கதைக்க மாட்டார். நானும் அப்படித்தான். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு. என்னுடைய ஜெர்மன் வேலைக்குப் போதும், கதைக்கப் போதாது. அவருக்கு அது வசதி.

வெள்ளிக் காசு விற்க வருகிறவர்கள் எல்லாரும் விடுகிற பிழை ஒன்று இருந்தது. மினுக்கிக்கொண்டு வருவார்கள். சிலர் பற்பசை போட்டுத் தேய்த்திருப்பார்கள், சிலர் ஏதோ மருந்துத் தண்ணீரில் தோய்த்திருப்பார்கள். பளபளவென்று கொண்டு வந்து மேசையில் வைப்பார்கள். அவர் காசை விளிம்பில் பிடிப்பார். வெளிச்சத்தில் ஒருக்கால் சரிப்பார். "கெபுட்ஸ்ட்" என்பார். மினுக்கினது என்று அர்த்தம். அதோடு வியாபாரம் முடிந்தது. ஊத்தையாகவா வைத்திருக்கச் சொல்கிறாய் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஓம் என்று தலையாட்டுவார்.

பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. கை படாத வெள்ளிக் காசைச் சரித்தால் வெளிச்சம் அதில் உருண்டு போகும், சைக்கிள் சில்லு சுற்றுகிற மாதிரி. மினுக்கின காசில் வெளிச்சம் உருளாது. ஒரே இடத்தில் நிற்கும். முகம் வெளுத்திருக்கும், எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு மிஞ்சியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்தால் கீறல் தெரியும். துணியால் தேய்த்த கீறல் ஒரு பக்கமாக ஓடும். விரலால் தேய்த்தது வட்டம் வட்டமாக இருக்கும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதைக்கொண்டு பீலெஃபெல்ட் நகரத்தில் இருந்த எங்கட சனம் என்னைக் காசு பார்க்கிற அண்ணை என்று சொல்லத் தொடங்கிவிட்டது. யாரோ ஒருவர் பழைய பெட்டி கிளறினால் எனக்கு ஃபோன் வரும். வேண்டாம் என்று சொல்லவும் களைப்பாக இருந்தது. பார்த்துச் சொல்லிவிடுவேன்.

ஊரில் சண்டை நின்று, சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்திருந்த காலம் அது. கோடை வந்தால் சனம் கூட்டம் கூட்டமாகப் பிளேன் ஏறியது. அப்படி ஒரு கோடைக்கு முந்தின சனிக்கிழமை, சந்தையில் மேசை மடிக்கிற நேரம், ஒருவன் என்னைத் தேடி வந்தான். என்னை விட வயது குறைந்தவன். அகதி முகாமில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குசினியில்தான் சமையல். அவன் வந்தால் முதலில் ஒரு பகிடி விடுவான், பிறகுதான் விசயம். அன்றைக்குப் பகிடி இல்லை.

"அண்ணை, நாளைக்குப் பின்னேரம் வீட்டை ஒருக்கா வரவேணும். ஒரு குத்தி பார்க்க."

"ஆற்ற குத்தி?"

"மனுசின்ர. நேர்த்திக்குத்தி."

எங்கட சனத்தில் வீட்டில் ஒருவருக்கு நோய் வருத்தம் என்றால் ஒரு காசுக் குத்தியை மஞ்சள் தண்ணீரில் கழுவி, வருத்தக்காரரின் தலையைச் சுற்றி, மஞ்சளில் தோய்த்த துணியில் முடிந்து சாமிப் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். சுகம் வந்த பிறகு கோயிலுக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட வேண்டும். அதுவரைக்கும் முடிச்சை அவிழ்க்கக்கூடாது. அவிழ்த்தால் நேர்த்தி குலைந்தது.

அவனுடைய மகளுக்குப் பிறக்கும்போதே இருதயத்தில் பழுது. கைக்குழந்தையாக இருக்கும்போது ஒரு ஆபரேசன் நடந்தது. வளர்ந்த பிறகு இன்னொன்று வேண்டும், ஒரு வால்வு மாற்ற வேண்டும் என்று டொக்டர்மார் அப்போதே சொல்லி வைத்திருந்தார்கள். இப்போது வளர்ந்துவிட்டாள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. திங்கட்கிழமை விட்டு அடுத்த திங்கட்கிழமை ஆபரேசனுக்கு டெர்மின், நாள் குறித்திருந்தது. தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்க வேண்டும். அவன் வைத்துவிட்டான். மனுசி வைக்க மாட்டேன் என்று நிற்கிறாள்.

"என்னத்துக்கு?"

"அந்தக் குத்தியாலைதான் அண்ணை."

முதல் ஆபரேசனுக்கு முதல் நாள் அவள் ஊர் அம்மனுக்கு நேர்ந்து கட்டின முடிச்சு அது. அவளுடைய தகப்பன் கொடுத்த பழைய வெள்ளி ஐம்பது சதம். பிள்ளை பிழைத்தது. ஆனால் நேர்த்தி தீர்க்கப் போக முடியவில்லை. முதலில் போவதற்குப் பத்திரம் இல்லை. பத்திரம் கிடைத்தபோது அங்கே பாதை இல்லை. பாதை திறந்தபோது பிள்ளைக்கு மூச்சு இல்லை. முடிச்சு சாமித் தட்டிலேயே கிடந்தது. இப்போது ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கும்போது, அதையும் பிள்ளையோடு வைப்போம் என்று எடுத்திருக்கிறாள். துணி உக்கிப் போயிருந்தது. கிழிந்து, குத்தி குசினி நிலத்தில் விழுந்தது. வெள்ளை வெளேரென்று.

"தான் கட்டினது கறுத்த குத்தியாம். நீ மினுக்கிப்போட்டுத்தான் கட்டினனி எண்டு நான் சொன்னன். அப்படியோ எண்டு யோசிச்சா. பேந்து, இல்லை, மஞ்சள் தண்ணியில அலசினது மட்டும்தான் எண்டா. பேந்து, ஞாபகம் இல்லை எண்டு அழுதா. அண்டைக்கு அவ நிண்ட நிலையில தன்ர பேரே ஞாபகம் இருந்திராது."

"அப்ப ஆர் மினுக்கினது?"

"அக்கா எண்டு சொல்லுறா."

அவனுடைய தமக்கை. கலியாணம் கட்டாதவ. முகாம் காலத்தில் இருந்து இவர்களோடுதான். மனுசிக்கும் அவவுக்கும் எப்போதும் இழுபறி.

"அக்கா முடிச்சை அவிட்டிட்டா, நேர்த்தி குலைஞ்சு போச்சு, இப்ப பிள்ளைக்குக் காவல் இல்லை எண்டுறா. முதல் ஊருக்குப் போய் அம்மாளிட்டைச் சொல்லி வந்துதான் கத்தி வைக்க விடுவன் எண்டுறா. டொக்டர் தள்ளவே கூடாதெண்டு மேசையில தட்டிச் சொன்னவர் அண்ணை."

நான் பெட்டியைப் பூட்டினேன். அவன் கிட்ட வந்தான்.

"கட்டுறதுக்கு முதலே மினுக்கினதெண்டு சொல்லிவிடுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பா."

"பார்த்தால்தான் சொல்லலாம்."

"பாருங்கோ. வடிவாப் பாருங்கோ. பார்த்திட்டு அதைச் சொல்லுங்கோ."

நான் மேசைக் காலை மடித்தேன். அவன் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு போனான்.

காசுக்காரரிடம் அவருடைய மடிக்கிற பூதக்கண்ணாடியை இரவல் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் தந்தார். அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனேன். அவர்கள் இருந்தது மேல் மாடி. எனக்கே ஏறி முடிய நெஞ்சு அடைத்தது. இந்தப் படியைத்தானே பிள்ளை ஏறுகிறது என்று நினைத்தேன்.

மனுசி கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. "வாங்கோ அண்ணை" என்றாள். பிள்ளை சோபாவில் காலை மடித்துக்கொண்டு கையில் ஒரு விளையாட்டு மெசினோடு இருந்தாள். உதடு கொஞ்சம் நீலம். குசினி ஜன்னலோரம் தமக்கை முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. திரும்பிப் பார்க்கவில்லை. புருசன் கதவு நிலையில் சாய்ந்து நின்று எனக்குக் கண் காட்டினான்.

குத்தியை ஒரு கோப்பைத் தட்டில் வைத்திருந்தாள். பக்கத்தில் கிழிந்த மஞ்சள் துணி.

"தொட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"விழுந்ததை எடுத்தன். அவ்வளவுதான்."

"துடைச்சனீங்களோ?"

"ஐயோ, இல்லை."

மேலே எரிந்த லைற்றை நிறுத்தச் சொன்னேன். அந்த வெளிச்சத்தில் எல்லா வெள்ளியும் ஒன்றுதான். பகல் வெளிச்சம் வேண்டும். ஜன்னலடிக்குப் போனேன்.

"அக்கா, கொஞ்சம் வெளிச்சம் வேணும்."

"எனக்கும்தான் வேணும்" என்றா தமக்கை, திரும்பாமல். பிறகு கீரைச் சட்டியையும் தூக்கிக்கொண்டு கதிரையை அரக்கி இடம் விட்டா. "பாருங்கோ. நல்லாப் பாருங்கோ. கோட்டில கூட இப்பிடி ஆறுதலா விசாரிக்க மாட்டினம்."

"கோட்டில குற்றவாளி கீரை ஆயமாட்டா" என்றாள் மனுசி.

"ஆயாட்டி இரவைக்கு என்னத்தைத் தின்னுவீர்?"

நான் குத்தியை விளிம்பில் பிடித்தேன். ஒரு பக்கம் ராசாவின் தலை. மற்றப் பக்கம் ஒரு மரம். கன கை பட்டுத் தேய்ந்த காசு. வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் உயிர் இல்லாத வெள்ளை. சரித்துப் பார்த்தேன். வெளிச்சம் உருளவில்லை. ராசாவின் கன்னத்தில் அப்படியே நின்றது.

"மினுக்கினதுதான்" என்றேன்.

"அது எனக்கும் தெரியுது" என்றாள் மனுசி. "எப்ப மினுக்கினது? நான் கட்ட முதலோ, கட்டின பிறகோ? அதைச் சொல்லுங்கோ."

"முதல்தானே அண்ணை?" என்றான் புருசன்.

"நீங்கள் கொஞ்சம் வாயை மூடுறீங்களோ? அவர் காசைப் பார்க்க வந்தவர். உங்கட மூஞ்சையைப் பார்க்க வரேல்லை."

பிள்ளை மெசினில் இருந்து தலையைத் தூக்கினாள். "மாமா, அது பிறகு மினுக்கினதெண்டா எனக்கு ஆபரேசன் இல்லையோ?"

"தெரியாது பிள்ளை."

"எனக்குத்தானே வெட்டப் போறாங்கள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"உனக்கு என்ன வேணும்?"

"கிளாசன்ஃபார்ட்டுக்குப் போகவேணும். வகுப்பு முழுக்க மலைக்குச் சுற்றுலா போகினம். போன முறை நான் மட்டும் பஸ்ஸுக்குள்ள இருந்தனான். பஸ் ட்ரைவரோட. அவர் முழு நேரமும் நித்திரை."

மனுசி பிள்ளையின் காலடியில் கிடந்த போர்வையை எடுத்து அவளுடைய முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டாள்.

நான் பூதக்கண்ணாடியை விரித்தேன். எழுத்துகளின் இடுக்கில் முதலில் மஞ்சள் தெரிந்தது. பழைய மஞ்சள், காய்ந்து கட்டியாய்ப் போனது. அது அவள் கட்டின அன்றைக்கு ஏறினது. அந்த மஞ்சளுக்கு மேலே கறுப்பு. முகாம் குசினியில் எல்லாரும் பொரித்த பொரியலும் வெங்காயமும் முட்டையும் வெள்ளியை விட்டு வைக்காது. கறுத்துத்தான் ஆகும். அந்தக் கறுப்பை வெட்டிக்கொண்டு கீறல்கள். வட்டம் வட்டமாக. விரல் வைத்துத் தேய்த்த கீறல். இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி. திருநீறு.

மஞ்சள், அதற்கு மேல் கறுப்பு, அதற்கு மேல் கீறல். கட்ட முதல் மினுக்கியிருந்தால் கீறல் அடியில் இருக்க வேண்டும். அது மேலே இருந்தது.

புருசன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று இல்லை. இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் அதிகாரிகளுக்கு முன்னால் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். வேலையிலும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. ஒரு சொல் சொன்னால் கையெழுத்து வைப்பாள், நான் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஆனால் கையில் காசைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வரவில்லை. அதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியாது.

"கட்டின பிறகுதான்" என்றேன்.

புருசன் கையை உயர்த்தித் தலையில் வைத்தான். மனுசி ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இருந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"மச்சாள்."

தமக்கை கீரைத் தண்டை முறித்தா.

"மச்சாள், நான் உங்களைத்தான் கேக்கிறன். என்ர பிள்ளைக்குக் கட்டின முடிச்சை என்னத்துக்கு அவிட்டனீங்கள்? பாத்திரம் பண்டம் மினுக்கிறது போதாமல் அம்மாளின்ர காசையும் மினுக்க வேண்டி வந்ததோ? உங்களுக்கு ஊத்தை கண்ணில படக்கூடாது. நான் சட்டி கழுவினாத் திரும்பக் கழுவுவீங்கள். நான் பிள்ளைக்குத் தலை வாரினாத் திரும்ப வாருவீங்கள். நான் கட்டின முடிச்சும் உங்களுக்குச் சரியில்லைத்தானே?"

"அக்கா, இல்லை எண்டு சொல்லு" என்றான் புருசன்.

தமக்கை சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை.

"திங்கள் வேண்டாம்" என்றாள் மனுசி. "ஆஸ்பத்திரிக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லுங்கோ. நான் போய் அம்மாளின்ர காலில விழுந்திட்டு வாறன்."

"அங்க போய் வாறதுக்கிடையில பிள்ளைக்கு ஏதும் எண்டா?"

"இஞ்ச வெட்டிக்கொண்டு இருக்கேக்க ஏதும் எண்டா?"

பிள்ளையின் மெசின் ஏதோ பாட்டுப் பாடியது. அவள் அதை நிறுத்தினாள்.

குத்தி இன்னும் என் கையில் இருந்தது. நான் போக வெளிக்கிட்டிருக்கலாம். ஆனால் ஒன்று உறுத்தியது. இவ்வளவு வெளுப்பாகத் தேய்த்த காசு இப்படி ஒரு சாயலில் இருக்காது. வெள்ளைக்கு மேலே ஏதோ ஒரு மங்கல். நான் திரும்ப ஜன்னலுக்குப் பிடித்தேன். பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டினேன். கீறல்களுக்குள்ளே பார்த்தேன். கீறல் ஒவ்வொன்றுக்குள்ளும் மஞ்சள் நின்றது. மெல்லிய நூல் மாதிரி. இடுக்கில் கிடந்த பழைய மஞ்சள் இல்லை. கீறல் விழுந்த பிறகு ஏறின மஞ்சள்.

"இன்னும் முடியேல்லை" என்றேன்.

ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. நான் கொஞ்சம் உரத்துச் சொன்னேன்.

"தங்கச்சி, இதைக் கேளும். மினுக்கின ஆள் மினுக்கினதோட விடேல்லை. திரும்பவும் மஞ்சள் தண்ணியில தோய்ச்சிருக்கிறா. கீறலுக்குள்ள மஞ்சள் நிக்குது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் கை வைக்கேல்லை. குசினிப் புகையும் பிறகு படேல்லை, அதுதான் திரும்பக் கறுக்கேல்லை."

"அதுக்கென்ன?"

"சும்மா ஊத்தை போக்கிற ஆள் என்னத்துக்குத் திருப்பி மஞ்சள் போடுறா?"

மனுசி என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தாள். தமக்கை கீரைச் சட்டியை நிலத்தில் வைத்தா. கையைச் சேலையில் துடைத்தா. சுவரைப் பார்த்துக்கொண்டு கதைத்தா.

"நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டீங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல். முகாமில நானும் பிள்ளையும்தான். மூச்சு இழுக்குது. பாஷை தெரியாது, ஆரைக் கூப்பிடுறதெண்டு தெரியாது. அம்மாளைக் கும்பிடுவமெண்டு தட்டுக்கு முன்னால நிண்டன். பார்த்தால் முடிச்சில கறுப்பு. மஞ்சள் துணியில கரி பூசின மாதிரி ஊறி நிக்குது. பிள்ளையின்ர உயிருக்குக் கட்டின முடிச்சு கறுத்தால் நான் என்னவெண்டு நினைக்கிறது?"

"வெள்ளி கறுக்கும் அக்கா" என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சந்தையில இருக்கிறனீங்கள். எனக்கு ஆர் சொன்னது?" அவ மூக்கை உறிஞ்சினா. "அவிட்டன். திருநீறு போட்டுத் தேய்ச்சன். வெளுக்கும் மட்டும் தேய்ச்சன். பேந்து மஞ்சள் கரைச்சு, தோய்ச்சு, பிள்ளையின்ர தலையைச் சுத்தி, நானும் ஒண்டு நேர்ந்துதான் கட்டினன். சும்மா கட்டேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் என்னை வீட்டில வைச்சிருந்திருப்பீரோ?"

மனுசி யோசித்தாள். பொய் சொல்லவில்லை. "வைச்சிருந்திருக்க மாட்டன்" என்றாள்.

"அதுதான்."

"என்ன நேர்ந்தனீங்கள்?"

"அது சொல்லுறேல்லை."

"மச்சாள், சொல்லுங்கோ."

தமக்கை கீரைச் சட்டியைத் திரும்பத் தூக்கினா. புருசன்தான் மெதுவாகச் சொன்னான். "அக்கா அந்த வருசத்தோடதான் மச்சம் விட்டவ."

மீனும் இறைச்சியும் விட்டதைச் சொன்னான். முகாமில் இந்த அக்கா நண்டு உடைத்துச் சாப்பிடுகிற சத்தம் எங்கள் அறை வரைக்கும் கேட்கும். எனக்கு அது நல்ல ஞாபகம். பிறகு திடீரென்று மரக்கறியாக மாறினா. ஏதோ பக்திப் பைத்தியம் என்று எல்லாரும் சிரித்தோம்.

மனுசி மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு இருந்தாள். "நான் சமைச்சதில அருவருப்புப் பார்க்கிறீங்கள் எண்டெல்லே இவ்வளவு நாளும் நினைச்சன். உங்களுக்கெண்டு வேற சட்டி வைக்கேக்க எத்தினை தரம் திட்டியிருக்கிறன்."

"கேட்டது. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

பிள்ளை சிரித்துவிட்டாள். சிரித்ததில் இருமல் வந்தது. இருமி முடிக்கும் வரைக்கும் நாங்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் எடுத்தது.

அது முடிந்த பிறகு மனுசி எழும்பினாள். குரல் மாறியிருந்தது. மெல்லிசாக இல்லை, கணக்குப் பார்க்கிற குரல்.

"நீங்கள் அவிட்டது பிழை."

"ஓம். பிழைதான்."

"என்ர முடிச்சு அண்டைக்கே போச்சு. இவ்வளவு நாளும் தட்டில இருந்தது உங்கட முடிச்சு."

"அப்பிடித்தான் வருது."

"அந்த முடிச்சிலதான் பிள்ளை இவ்வளவும் வளர்ந்தது."

தமக்கை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா.

"அப்ப அதை நீங்கள்தான் கொண்டுபோய்ப் போடவேணும். நான் தொடமாட்டன். அண்ணை, அதை மச்சாளிட்டைக் குடுங்கோ." அவள் புருசனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "ஒரு காசு தாங்கோ."

"என்ன காசு?"

"எனக்கெண்டு ஒரு முடிச்சு வேண்டாமோ? இந்த ஆபரேசனுக்கு."

அவன் பொக்கெற்றுக்குள் தேடினான். ஒரு யூரோக் குத்திதான் இருந்தது. "வெள்ளி இல்லையே. ஐரோவை அம்மாள் எடுப்பாவோ?"

"எடுக்காமல் என்ன? இப்ப ஊர்க்கோயில் உண்டியலைத் திறந்தால் பாதி ஐரோ தானாம்" என்றா தமக்கை.

"இது கறுக்காதுதானே அண்ணை?" என்று மனுசி என்னைக் கேட்டாள்.

"இது வெள்ளி இல்லை. ஆனால் நாள் போக மங்கும். மங்கினால் பயப்பிடாதேங்கோ."

"ஒருத்தரும் அவிழ்க்காதேங்கோ" என்றான் புருசன். அப்போதுதான் அவனுக்குப் பழைய வாய் திரும்பினது. "அவிழ்க்க வேணுமெண்டா அண்ணையின்ர பூதக்கண்ணாடிக்கு முன்னால அவிழ்க்க வேணும்."

தமக்கை மஞ்சள் கரைத்தா. மனுசி ஒரு பழைய வெள்ளைத் துணியைக் கிழித்தாள். காசைக் கழுவி, பிள்ளையைக் கூப்பிட்டாள். பிள்ளை எழும்ப மாட்டேன் என்றது, களைப்பாம். மனுசியே சோபாவுக்குப் போய் அவளுடைய தலையைச் சுற்றினாள். "தண்ணி சொட்டுது" என்றது பிள்ளை. "சொட்டட்டும்" என்றாள் தாய். முடிந்து தட்டில் வைத்தாள். கும்பிட்டாள். மஞ்சள் கையைக் கழுவாமல் அப்படியே வந்து மேசையில் இருந்து கையெழுத்து வைத்தாள். கடுதாசியில் அவளுடைய பெருவிரல் மஞ்சளாகப் பதிந்தது. புருசன் துடைக்கப் பார்த்தான், போகவில்லை.

எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்தார்கள். ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு எழும்பினேன்.

மனுசி கதவு வரைக்கும் வந்தாள். படியில் அவள் கேட்டாள்.

"இவர் உங்களிட்டை முன்னமே வந்தவர்தானே? என்ன சொல்லவேணும் எண்டு சொல்லித் தந்தவர்தானே?"

"ஓம்."

"எனக்குத் தெரியும். நேற்றுப் பின்னேரம் ஒரு பகிடியும் விடாமல் வீட்டால வெளிக்கிட்டவர். நீங்கள் கட்ட முதல் மினுக்கினதெண்டு சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டன். கையெழுத்தும் வைச்சிருக்க மாட்டன்."

"படுத்து எழும்புங்கோ தங்கச்சி" என்றேன். "உங்களுக்கும் முகம் நல்லாயில்லை."

இறங்கும்போது முழங்கால் இரண்டும் நொந்தது. கீழே புருசன் குப்பை போட வந்தவன் மாதிரி நின்றான். "அண்ணை, ஒருமாதிரிச் சரியாப் போச்சு. இல்லாட்டி என்ன செய்திருப்பியள்?" என்றான். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உண்மையிலேயே தெரியாது. அந்தக் கீறலுக்குள் மஞ்சள் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் இருந்து நான் எப்படி வெளியே வந்திருப்பேன் என்று பல தரம் யோசித்திருக்கிறேன்.

ஆபரேசன் நடந்த திங்கட்கிழமை நான் வேலையில். ஆஸ்பத்திரித் துணிகள் வந்துகொண்டே இருந்தன. பச்சைத் துணி, வெள்ளைத் துணி. உருளைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. அவன்தான்.

"முடிஞ்சுதாம் அண்ணை. இப்பதான் டொக்டர் வந்து சொன்னவர். நாளைக்குத்தான் முழுசாக் கண் முழிப்பாளாம். நிறம் வந்திட்டுது. உதடு சிவப்பாயிருக்கு."

"மனுசி?"

"வெளி வராந்தாவில. அக்காவும் அவவும் இருக்கினம். விடியக் காலமை வந்ததில இருந்து ஒண்டும் தின்னேல்லை ரெண்டு பேரும். இப்ப அக்கா போய் ரெண்டு ப்ரெட் வாங்கி வந்தவ. அதுக்குள்ள என்ன வைச்சதெண்டு சண்டை பிடிக்கினம்."

"சரி" என்றேன். "நீயும் ஏதாவது தின்னு."

ஃபோனை வைத்துவிட்டு மற்றச் சப்பாத்தையும் கழற்றினேன்.